மூன்றாவது வரி

பனியில் கூடூர் பாசஞ்சர் நிற்பதே தெரியவில்லை. ஒரு ஜன்னலும் அதில் தத்தாவின் முகமும் மட்டும் தனியே மிதந்துகொண்டிருந்தன.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறதென்று நிலம் அளக்க வந்த வங்காளி அவர். ஆட்களோடு பேசத் தமிழ் வேண்டும் என்றார். ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் நான், சொல்லிக்கொடுத்தேன்.

அ, ஆவை விட்டுவிட்டு முதல் நாளே வம்பான கேள்வி ஒன்று கேட்டார். போகிற மனிதர் ஏன் 'வருகிறேன்' என்கிறார்?

பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்கிற சொல். விளக்கப் போனபோதுதான் கஷ்டம் தெரிந்தது. பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்தேன். புதிதாகப் படிப்பவருக்கு எழுதுவது குழந்தைக்குச் சோறு பிசைவது மாதிரி. ஒரு கட்டி இருந்தாலும் தொண்டையில் நிற்கும்.

கடைசியில் மூன்றே வரி மிஞ்சியது.

'போகிறவர் வருகிறேன் என்பார். திரும்பி வருவேன் என்று அதற்குப் பொருள்.' இது இரண்டு வரி. மூன்றாவதைப் படித்துவிட்டு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே என் மனசு என் பேச்சைக் கேட்காமல் போயிற்று.

நேற்று கல்கத்தாவிலிருந்து அவருக்குத் தந்தி வந்தது. உடனே கிளம்ப வேண்டுமாம். திரும்பி வருவீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்பானேன்? ரயில் நகரும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், காலமெல்லாம் காத்திருப்பேன்.

விசில் ஊதியது. புகையும் பனியும் கலந்ததில் பிளாட்பாரமே தரையை விட்டு எழும்பியது போலிருந்தது. ரயில் நகர்கிறதா, நான் நகர்கிறேனா, தெரியவில்லை.

அவர் கை கூப்பினார்.

"போகிறேன், டீச்சர்."

வேர்க்கடலை விற்கிற செங்கம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னா சார் நீ, போறேன்னு சொல்லிக்கினு! வரேன்னு சொல்லு சார்!"

தப்பைச் சுட்டிக்காட்டினால் உடனே திருத்திச் சொல்கிறவர், இப்போது திருத்தவில்லை. கண் மட்டும் என் மேலேயே இருந்தது. பிறகு அந்த ஜன்னலும் பனிக்குள் போய்விட்டது.

இத்தனை நாளாக என்னதான் சொல்லிக்கொடுத்தேனோ என்று செங்கம்மாள் என்னைக் கேலி செய்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அழுதால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மூன்றாவது வரி நான் எழுதியதுதான்.

'திரும்பி வராதவர் மட்டும் போகிறேன் என்பார்.'