வாசல் மணி பத்து நிமிடம் தாமதம்

இதை எனக்கு முதலில் சொன்னது என் மாமியார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் மாதம், எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். தன் தப்பை மருமகளிடம் சொல்ல எந்த மாமியாருக்கு மனசு வரும்? அதனாலேயே எனக்கு மறக்கவில்லை.

அப்போது ஆற்றுக்குப் பாலம் கிடையாது. அக்கரைக்காரர்கள் படகேறித்தான் துறைமுகத்துக்கு வேலைக்கு வரவேண்டும். மாமியாருக்கு அங்கே கிடங்கில் கிழிந்த சாக்கு தைக்கிற வேலை. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வருவார். அந்தக் கைக்குழந்தைதான் பின்னால் என்னைக் கட்டிக்கொண்டவர்.

துறைமுக வாசலில் ஒரு பெரிய மணி. காலையில் அது அடித்து ஓய்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே நின்றவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. மாதத்தில் மூன்று முறை அப்படி நின்றால் கழுத்தில் தொங்கும் நம்பர் வில்லையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். வில்லை போனால் பிழைப்பே போச்சு.

மாமியார் ஒரு நாள்கூட வெளியே நின்றதில்லை. உள்ளே காலை வைக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருக்குமாம். தனக்கு அப்படி ஒரு ராசி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

கோபமெல்லாம் சாயங்கால மணி மேல்தான். ஆறுக்கு அடிக்கவேண்டியது, சில நாட்கள் ஆறு பத்துக்கு அடிக்கும். உள் முற்றத்தில் ஒரு கடிகாரம் உண்டு. காலையில் தலைதெறிக்க ஓடிவருகிற யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாயங்காலம் எல்லார் கண்ணும் அதில்தான்.

மாமியாருக்குப் பால் கட்டி நெஞ்சு கனக்கும். அங்கே குழந்தை அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும். இங்கே மணிக்காரர் கயிற்றைத் தொடாமல் நின்றுகொண்டிருப்பார். மனுஷன் ஒண்டிக்கட்டை வேறு.

"அவருக்கென்ன, வீட்டுல யாரு காத்திருக்கா? அந்த மணியைத்தான் கட்டிக்கிட்டாரு" என்று பெண்கள் சிரிப்பார்கள். மாமியாருக்குச் சிரிப்பு வராது.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எல்லோரும் முழித்தபோது, மாமியார்தான் மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நான் அக்கரையிலேருந்து வர்றவ. ஒரு நாளாவது தாமதமா வந்திருக்கேனா? வாசல்லயே உக்காந்திருக்கிறவருக்கு நேரத்துக்கு மணி அடிக்க முடியலையா?"

மேலாளர் மணிக்காரரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் மாமியாரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணு மங்கிப்போச்சுங்க. கடிகாரம் சரியாத் தெரியறதில்லை."

மறுநாளே அவரை எடை மேடையைக் கூட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். புதிய ஆள் வந்தான். காலை, மாலை இரண்டு மணியும் நொடி பிசகாமல் அடித்தது. எல்லோரும் மாமியாரை மெச்சினார்கள். குழந்தைக்கும் நேரத்துக்குப் பால் கிடைத்தது.

ஐந்தாம் நாள் ஆற்றில் தண்ணீர் இறங்கியிருந்தது. அந்த மாதிரி நாட்களில் படகு மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். பாதி ஆறு தாண்டவில்லை, மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. கரையேறி ஓடினால் கதவு சாத்தியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கதவைச் சாத்தின கோலத்தில் வெளியே நின்று மாமியார் பார்த்ததேயில்லை. கூட வந்த பதினோரு பேரும் அப்படியே.

கோபத்தோடு படகுக்காரரிடம் திரும்பி வந்தார்.

"என்னண்ணே, இன்னிக்குன்னு இப்படித் தாமதமாக் கொண்டுவந்து விட்டுட்டீங்க?"

படகுக்காரர் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டார்.

"தண்ணி இறங்குற நாள்ல என்னிக்கும் இதே நேரந்தாம்மா. நான் நடு ஆத்துல துண்டைத் தூக்கிக் காட்டுவேன். பழையவர் அதைப் பாத்துட்டு, உங்கள்ல கடைசி ஆள் உள்ளே போனப்புறம்தான் கயித்துல கையை வைப்பாரு. காலையில விட்ட பத்து நிமிஷத்தைச் சாயங்காலம் சேத்து அடிச்சுருவாரு. வேலை நேரம் குறைஞ்சதுன்னு யாரும் உங்களைக் கேக்கக்கூடாதுன்னு."

மாமியார் திரும்பிச் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"கண்ணு மங்கிப்போச்சுன்னு சொன்னாரே அண்ணே?"

"அரை மைல்ல இந்தத் துண்டைப் பாக்குற கண்ணும்மா அது. உண்மையைச் சொல்லியிருந்தா உன் வில்லை உன் கழுத்துல இருந்திருக்குமா?"

மறுநாள் விடியுமுன்னே முதல் படகில் போய், மாமியார் எடை மேடையைத் தேடிப் போனார். பழைய மணிக்காரர் கூட்டிக்கொண்டிருந்தார். இவர் வாயைத் திறக்குமுன்னே அவரே பேசினார்.

"இன்னும் நாலு நாளைக்குத் தண்ணி இறங்கித்தான் இருக்கும். முதல் படகுக்கே வந்துடும்மா."

அவ்வளவுதான். பெருக்குமாறு ஓடிக்கொண்டே இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் உரித்து முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

இப்போது ஆற்றில் பாலம் வந்துவிட்டது. படகும் இல்லை, வில்லையும் இல்லை. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தினமும் பிரார்த்தனையில் அவர் கடைசியாகச் சேர்த்துக்கொண்ட ஒருவரை இப்போது நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்றைக்குக் கைகூப்பும்போது, நீங்களும் அந்த மணிக்காரருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.