தண்ணீரோடு வரும் தூரிகை

கடைக்காரர் தூரிகையின் வயிற்றை லேசாக அழுத்தினார். நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து நின்றது.

"இதுதான். இதையே குடுங்க," என்றேன்.

என் மகள் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக என்னைப் பார்த்தாள்.

அவள் ஓவியக் கல்லூரியில் முதல் வருடம். நாளைக் காலை வகுப்பு மொத்தத்தையும் வண்டியேற்றி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். ஐந்து நாள் கரையிலேயே உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைய வேண்டுமாம். பையில் போட்டுக்கொண்டு போக அடக்கமாக ஒரு தூரிகை வாங்க வந்திருக்கிறோம்.

எனக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். தூரிகையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முனையில் முடி இருக்கும் என்பதுதான். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் தூரிகை பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. பேனா மாதிரி இருந்தது. உடம்புக்குள்ளேயே தண்ணீர். அழுத்தித் துணியில் துடைத்தால் பழைய நிறம் போய்விடும். கோப்பை வேண்டாம், அலச வேண்டாம், தண்ணீரைத் தேடி ஓர் அடி நகர வேண்டாம்.

"கசியுமா? எவ்வளவு நேரம் வரும்?" என்று கடைக்காரரைக் குடைந்தேன். நாளுக்கு ஒன்று வீதம் ஐந்து தூரிகை வாங்கி, வீட்டிலேயே தண்ணீர் நிரப்பிக் கொடுத்தனுப்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மாத்திரைப் புத்தி எங்கே போகும்?

மகள் கையில் வேறொன்று இருந்தது. பித்தளைக் குழல், மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினால் அதுவே கைப்பிடி. நிஜ முடி. மேசைமேல் இருந்த கோப்பையில் நனைத்து, சோதனைத் தாளில் ஒரு கோடு இழுத்தாள். மயிரிழையாகத் தொடங்கி, விரல் அகலத்துக்கு விரிந்து, மறுபடி மயிரிழையாகி முடிந்தது. எனக்கே அழகாகத்தான் தெரிந்தது. அதனால் பயம் இன்னும் கூடியது.

"அம்மா, இத ஒரு தடவ பாரேன். அதுல இந்த மாதிரி கோடு வராது. தொடப்பத்தால வரையற மாதிரி இருக்கும்."

"தொடப்பத்தாலயே வரை. யாரு உன்ன அடிக்கப் போறா?"

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

எனக்கு ஆறென்றால் பயம் என்று அவளுக்குத் தெரியும். சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். அவளுடைய அப்பா ஆற்றில்தான் போனார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. குளிக்க இறங்கினவர் சுழலில் மாட்டிக்கொண்டார் என்று பதினான்கு வருடமாகச் சொல்லி வருகிறேன். அதனால் என் பிடிவாதத்தை அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எண்ணெய் வண்ணத்துக்கு மாறிக்கொள்ளேன் என்று நான் கெஞ்சியதைக்கூடச் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்தவள்தான்.

"பாட்டில்ல தண்ணி கொண்டு போறேன்மா. ஆத்துல காலே வைக்க மாட்டேன்."

"பாட்டில் தீர்ந்தா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார். நல்ல மனிதர். அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை மூளாமல் வியாபாரம் முடிய வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

"தீர்ந்தா என்னம்மா, பக்கத்துலயே ஆறு. நீ எழுந்திரிக்கக்கூட வேணாம். கூட இருக்கற யாரையாவது ஒரு கப் மொண்டுட்டு வரச் சொன்னாப் போச்சு."

 கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

குளிக்க இறங்கினார் என்பது பொய். அன்றைக்கு அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து குழந்தை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்துத் தண்ணீர் கலங்கிவிட்டது, மாற்றிக் கொண்டுவா என்று அப்பாவை நச்சரித்தாள். நாலு தரம் கேட்டாள். அவரும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாறை வழியாக இறங்கினார். அவ்வளவுதான்.

உறவுக்காரர்கள் வந்து சேர்வதற்குள் குளியல் கதையைக் கட்டிவிட்டேன். நடந்தது தெரிந்தால், அப்பனை முழுங்கினவள் என்று சொல்லிச் சொல்லியே அந்தக் குழந்தையைக் கொன்றிருப்பார்கள். அவளிடமும் அதையேதான் சொன்னேன். அவளே அதை ஒப்பிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆறு அவளை என்ன செய்யும்? நன்றாக நீந்துவாள், நான்தான் நீச்சலுக்குச் சேர்த்துவிட்டேன். என்றைக்காவது கரையில் உட்கார்ந்து, கலங்கிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் மாற்றிக் கொண்டுவா என்பாள். அந்த நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். பதினான்கு வருடமாக நான் பயந்து செத்துக்கொண்டிருந்தது அந்த நொடிக்குத்தான்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இழுத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

பித்தளைத் தூரிகையை மெதுவாகத் துடைத்தாள். முடியை விரலால் கூராக்கி, மூடியைப் போட்டு, கடைக்காரர் பக்கமாகத் தள்ளி வைத்தாள். பிளாஸ்டிக் தூரிகையை எடுத்தாள்.

"இதையே எடுத்துக்கறேன்மா."

"கோடு வராதுன்னியே?" என்றேன்.

"பரவால்ல." அவள் என்னைப் பார்க்கவில்லை. "தண்ணி எடுத்துட்டு வான்னு இன்னொரு தடவ யாரையும் அனுப்ப என்னால முடியாது."