பக்கத்து வீட்டுப் பேட்டரி

சாயங்காலம் மின்சாரம் போனதும், உபோங் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, கூடத்தில் வைத்திருந்த ஜெனரேட்டரின் கயிற்றைப் பிடித்தான். அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால், பக்கத்து வீட்டு இபினாபோ அம்மாள், கையில் வயர்ச் சுருளோடு.

"தம்பி, அதைப் போடாத. என் சோலார் பேட்டரியிலேருந்து லைன் தர்றேன். ரெண்டு பல்பும் ஃபேனும் விடிய விடிய ஓடும்."

குடிவந்த நாளிலிருந்து இதே பாட்டுதான். போர்ட் ஹார்கோர்ட்டின் இந்தத் தெருவில் அவள் வீட்டில் மட்டும்தான் பேட்டரி. அந்தப் பவிசைக் காட்டுகிறாள் என்று அவனுக்கு எரிச்சல்.

"ஏம்மா, ஜெனரேட்டர் சத்தத்துல உங்க தூக்கம் கெடுதா?"

"நான் தூங்கி வருஷமாச்சுப்பா. சரி, அதை முற்றத்துலயாவது வை."

"நல்லா சொன்னீங்க. விடியறதுக்குள்ள திருடன் தூக்கிட்டுப் போயிடுவான். உங்க சொந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லுவீங்களா?"

அவள் வயரை வாசற்படியில் வைத்தாள்.

"சொல்லல. திருட்டு பயம், உள்ளயே வெச்சுக்கோன்னுதான் சொன்னேன். உனக்கு முன்னாடி இந்த வீட்டுல என் பிள்ளையும் மருமகளும்தான் இருந்தாங்க. காலையில கதவை உடைச்சோம். வீடு முழுக்கப் புகை. ஜெனரேட்டர் மட்டும் பத்திரமா இருந்தது."