மழுங்கிப்போன போல்ட்

"இதை யாரு இப்படிக் கெடுத்து வச்சது?" குனிந்து பார்த்துவிட்டு வேன்காரர் கேட்டார்.

யார் என்று மெக்கானிக் ஒல்லிக்கு நன்றாகவே தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவனேதான். பதினாலாம் நம்பர் போல்ட்டுக்கு அவசரத்தில் ஒரு அளவு பெரிய பதினைந்து சாக்கெட்டை மாட்டி, மூச்சைப் பிடித்து ஒரே திருகு. போல்ட் அசையவில்லை. தலையின் ஆறு மூலையும் மழுங்கிப்போனதுதான் மிச்சம்.

"முன்னாடி வேலை பார்த்தவர் பண்ணினதா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டான்.

ஷெட் திறந்து நாலே மாதம். இவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் ஸ்டாண்டில் நிற்கும் அத்தனை வண்டியும் இங்கே வரும். அந்த ஆசையில் புளுகிவிட்டான்.

"அப்போ மொட்டை வேலைதான். எட்டு வருஷமா அவன்கிட்டதான் விட்டேன் தம்பி. நம்பினேன்."

மொட்டை, அடுத்த தெரு மெக்கானிக். ஒல்லி ஷெட் போட்ட நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

வாசல் நிழலில், சக்கர நாற்காலியில் வேன்காரரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு அவளுக்கு டயாலிசிஸ். முறையை விட்டால் இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கால் இரண்டும் இப்போதே வீங்கிக் கிடந்தன. நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போக இந்த வேனை விட்டால் வேறு வண்டி இல்லை. வேனுக்கோ பிரேக் பேட் தேய்ந்து பிரேக்கே பிடிக்கவில்லை. புது பேட் மாட்ட இந்த போல்ட் கழன்றாக வேண்டும்.

குறடால் கவ்விப் பார்த்தான். வழுக்கியது. உளி வைத்துத் தட்டினான். உளிதான் துள்ளியது. மணி இரண்டு.

"தம்பி, ஆகுமா?" அக்காவுக்குப் பேசவே மூச்சு வாங்கியது.

"ஆயிடும்க்கா."

அவனுக்கே நம்பிக்கை இல்லை. வேன்காரர் பொறுமையிழந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன்டா மொட்டை, பிரேக் போல்ட்டை மழுங்கடிச்சு வச்சிருக்கியே, நீயெல்லாம் மெக்கானிக்கா? இங்க எங்க அக்கா மூச்சு விட முடியாம உட்கார்ந்திருக்கா. அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

நான் இல்லை என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருக்கிற மானமும் போய்விடும்.

"எந்த போல்ட்ண்ணே?" என்றார் மொட்டை.

"முன் சக்கரம், டிரைவர் பக்கம். மேல இருக்கிறது."

மொட்டையின் குரல் தணிந்தது.

"என் தப்புதாண்ணே. மன்னிச்சிடுங்க. போனை அந்த மெக்கானிக்கிட்ட குடுங்க."

ஒல்லி எண்ணெய்க் கையோடு வாங்கினான்.

"பதிமூணு சாக்கெட் இருக்காப்பா? எண்ணெய் விட்டுட்டு, போல்ட் தலையில அதைச் சுத்தியலால அடிச்சு ஏத்து. இறுக்கமா உட்காரணும். உடனே கழட்டப் போகாதே. முதல்ல இறுக்குற பக்கமா ஒரு நூல் அளவு திருப்பு. பிடி விட்டதும் கழட்டுற பக்கம் வா. ஒரு தடவைதான் முடியும். அவசரப்படாதே."

அடித்து ஏற்றினான். நீளக் கம்பியைக் கோத்தான். வேன்காரர் டார்ச் பிடித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

இறுக்குற பக்கம் ஒரு நூல். அப்புறம் கழட்டுற பக்கம். கம்பி வளைவதுபோல் இருந்தது. ஒல்லி மூச்சே விடவில்லை.

'டக்' என்றது.

கழன்றுவிட்டது. அதற்கப்புறம் புது பேட், புது போல்ட் எல்லாம் கடகடவென்று முடிந்தன. தெருவில் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைச் சோதித்துவிட்டு வந்து அக்காவை ஏற்றினார்கள். மணி இரண்டு நாற்பது.

"நீதாம்ப்பா தொழில்காரன்" என்றார் வேன்காரர். "இனிமே அந்த மொட்டைகிட்ட ஸ்டாண்ட் வண்டி ஒண்ணுகூடப் போகாது. நான் பார்த்துக்கிறேன்."

எதற்கு ஆசைப்பட்டானோ அது கிடைத்துவிட்டது. வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெட்கமாக இருந்தது. மொட்டையின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போட்டான்.

"அக்கா கிளம்பிட்டாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

"கிளம்பிட்டாங்கண்ணே. அந்த போல்ட்டை..."

"தெரியும்ப்பா. போன வருஷம்தான் அந்த பிரேக்குக்குப் புது போல்ட் போட்டேன். என் கையாலதான் மாட்டினேன்."

"அப்புறம் ஏண்ணே உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"நீதான் கெடுத்தேன்னு அங்கேயே போட்டு உடைச்சிருந்தா உன் கை உதறியிருக்கும். உதறுற கைக்கு அந்த போல்ட் வராதுப்பா."