அதே தூரம்

திருப்பதி மைதானத்தில் ஈட்டியின் தூரத்தை அளந்து சொன்னதும் ரோஹிணி அப்பா வேதாச்சலத்திடம் ஓடி வந்தாள்.

“நைனா, நாப்பத்தொம்போது மீட்டர்! ரெண்டு வருஷம் முன்னாடி எறிஞ்ச அதே தூரம்!”

ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி, இரண்டாண்டுத் தடை முடிந்து, அவளுக்கு இதுதான் முதல் போட்டி. வேதாச்சலம் குனிந்தபடியே தலையாட்டினார்.

“இப்பவாவது நம்புறியா? எந்த மருந்தும் துன்னலன்னு அன்னிக்கே தலை தலையா அடிச்சிக்கினேன். நகரி ஊரே காறித் துப்புச்சு. ‘எம் பொண்ணு செய்யமாட்டா’ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். அன்னையிலருந்து எம் மூஞ்சகூட நேரா பாக்கல நீ.”

“நம்புறேம்மா.”

“ரயில்வே வேலைக்கு வயசு தாண்டிப்போச்சு. போவட்டும். நீ நம்புனியே, அது போதும் நைனா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எறிதலுக்குப் போனாள்.

வேதாச்சலம் அவளை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ‘இத குடு, அஞ்சு மீட்டர் எகிறும்’ என்று ஜிம்காரன் தந்த மாத்திரையைப் பொடித்து, அவளுக்குத் தெரியாமல் தினமும் கேழ்வரகுக் கூழில் கலந்து கொடுத்தவரே அவர்தான்.

இத்தனைக்கும் அது ஒரு சாண்கூடக் கூட்டித் தரவில்லை.