காலண்டருக்குப் பின்னால்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் வீட்டு ஓனர் செங்கல்வராயன் போட்ட முதல் கண்டிஷன். ஆனால் குடியிருக்கும் மரகதம் கடிகாரம் மாட்டப்போக, காரை பெயர்ந்து கையகல ஓட்டை விழுந்துவிட்டது. அதை மறைக்கத்தான் முருகர் படம் போட்ட காலண்டர் அங்கே தொங்கியது.

இன்று ஓனர் திடீரென்று வந்து நின்றதும் காலண்டர் படபடவென்று ஆடத் தொடங்கியது.

"ஆடாதப்பா, என் மானமே உன்கிட்டதான் இருக்கு," என்று கிசுகிசுத்தது சுவர்.

"நானா ஆடுறேன்? ஃபேன் காத்து தூக்குது!"

மரகதம் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள். ஓனர் முருகரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"தப்பிச்சோம்," என்றது சுவர்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "ஆமா, காலண்டர் எதுலம்மா தொங்குது?"

காலண்டர் மெல்ல நிமிர்ந்து பார்த்தது. தலைக்கு மேலே புத்தம்புது ஆணி பளபளத்தது.