நாலாவது ஆள்

நங்கூரத்தை இறக்கியது அவர்தான்.

பாயை இறக்கச் சொன்னார்கள். விரல் வேறு பொத்தானுக்குப் போய்விட்டது. காற்றை வாங்கிக்கொண்டு பறந்த கப்பல் நடுக்கடலில் சடக்கென்று நின்றது. எதிரிக் கப்பல் சாவகாசமாகப் பக்கத்தில் வந்து பீரங்கிகளைத் திருப்பியது.

"யாருங்க அது, சண்டைக்கு நடுவுல வண்டிய ஓரங்கட்டினது?" என்று ஹெட்போனில் கேப்டனின் குரல் கேட்டது.

சின்னப் பெண்ணின் குரல். விளையாட்டில் அவள் பெயர் மீன்கொத்தி.

அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்தில் மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மைக்கை அணைத்து வைத்திருந்தார்.

இந்தக் கடற்கொள்ளையர் விளையாட்டில் இதுவரை தனியாகத்தான் திரிந்துகொண்டிருந்தார். ஒரு சின்னப் படகு, தீவு தீவாகச் சுற்றுவது, தூண்டில் போடுவது, தூரத்தில் வேறு கப்பல் தெரிந்தால் நைசாகத் திரும்பிவிடுவது. ஐம்பதைத் தாண்டிய மனிதருக்கு அது போதுமாகத்தான் இருந்தது.

அன்று உள்ளூர்க்காரர்களின் விளையாட்டுக் குழுவில், 'அணிப் போட்டிக்கு நாலாவது ஆள் வேண்டும், புதியவரானாலும் பரவாயில்லை' என்று போட்டிருந்தார்கள். என்ன தோன்றியதோ, சேர்ந்துகொண்டார்.

நாலு பேருக்கு நாலு பேர். யார் கப்பல் முதலில் மூழ்குகிறதோ அவர்கள் தோற்றார்கள். ஒருவருக்குச் சுக்கான், ஒருவருக்குப் பாய், ஒருவருக்குப் பீரங்கி. நாலாவது ஆள் எடுபிடி. பாய்க்கும் கை கொடுக்க வேண்டும், ஓட்டை விழுந்தால் பலகை அடிக்க வேண்டும், தண்ணீர் ஏறினால் வாளியால் இறைக்க வேண்டும்.

முதல் குண்டு விழுந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர் பீறிட்டது. படியில் இறங்கப் போனவர், பதற்றத்தில் கடலிலேயே குதித்துவிட்டார்.

பீரங்கிக்காரர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

வேலை பார்க்கும் இடத்தில் அவர் தொண்டையைச் செருமினாலே பக்கத்தில் இருப்பவருக்கு வியர்க்கும். இங்கே நடுக்கடலில் தத்தளித்துக்கொண்டிருந்தார்.

"புது ஆளு, பதறாதீங்க" என்றாள் மீன்கொத்தி. "கப்பலுக்குப் பின்னாடி ஏணி இருக்கு. அத மட்டும் பாருங்க. வேற எதையும் யோசிக்காதீங்க."

ஏணியைப் பார்த்தார். ஏறினார்.

"சூப்பர். இப்ப கீழ போங்க."

போனார்.

"பெரிய ஓட்டைய மட்டும் அடைங்க. சின்னது கெடக்கட்டும்."

அடைத்தார். பிறகு வாளி. முதல் வாளித் தண்ணீரைக் கப்பலுக்குள்ளேயே கொட்டினார். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. அடுத்ததிலிருந்து கை பழகிவிட்டது. அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்.

மேலே மீன்கொத்தி பாயை ஒரு பக்கமாகச் சாய்க்கச் சொல்லிவிட்டு, சுக்கானைக் கடைசி வரைக்கும் சுற்றினாள். நங்கூரம் கிடந்தபடியே கிடக்க, கப்பல் அதையே அச்சாக வைத்துப் பம்பரம் மாதிரி திரும்பியது. அவர் செய்த தப்பையே ஆயுதமாக்கிவிட்டாள். எதிரி இதை எதிர்பார்க்கவில்லை. கடந்து போகிற அவர்களின் வாலுக்கு நேராக இவர்களுடைய பீரங்கிகள் வந்து நின்றன.

எதிரிக் கப்பல் மூழ்கியது.

அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினார். மனைவி புரண்டு படுத்தாள்.

"அடுத்த ஆட்டம் போலாமா?" என்றார் பாய்க்காரர்.

"இன்னைக்கு இதோட விட்டுடுங்கப்பா. நாளைக்குக் காலையில எனக்கு டிரைவிங் டெஸ்ட்" என்றாள் மீன்கொத்தி. "ஏற்கெனவே ரெண்டு தடவ ஃபெயிலு."

"கப்பலையே இந்தத் திருப்பு திருப்புறீங்க. நீங்களா ஃபெயிலு?"

"கப்பல்ல அந்தாளு பக்கத்துல உக்காந்திருக்க மாட்டாரே! முறுக்கு மீச, மடியில ஒரு அட்ட. 'கண்ணாடியப் பாரு, கியர மாத்து, இண்டிகேட்டர் எங்க, அங்க என்ன பராக்கு'ன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்வாரு. எனக்குக் கை எது, காலு எதுன்னு மறந்துடும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவருடைய கை தானாக மீசைக்குப் போனது.

மறுநாள் காலை லைசென்ஸ் அலுவலகத் திடலில், காரில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். 'குட் மார்னிங் சார்' என்ற குரலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"வண்டிய எடுங்க" என்றார். அவ்வளவுதான்.

வாசல் வரைக்கும் பொறுத்திருந்தார். "வலது பக்கம்." மறுபடி பேச்சில்லை. மேட்டில் வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது. பல வருஷப் பழக்கத்தில் தொண்டை வரைக்கும் ஒரு மூட்டை வார்த்தைகள் ஏறி வந்தன. விழுங்கினார். தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அழுத்த வேண்டியிருக்கவில்லை. அவளே பிடித்து, அவளே ஏற்றினாள். ரிவர்ஸைக் கேட்கவே வேண்டாம், ஒரே வீச்சு.

"பாஸ்."

அவள் நம்பாமல் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவருக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால், 'ஐயோ சார், நீங்களா!' என்பாள். அப்புறம் ஆயுசுக்கும் அவரைத் தண்ணீர் இறைக்கச் சொல்ல மாட்டாள்.

வீட்டுக்கு வெளியே அவரை அதட்ட ஆள் இருந்த ஒரே இடம் அந்தக் கப்பல்தான்.

முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.